ஆர்15-ஐ ரேஸுக்கு ஆயத்தப்படுத்துவது: விசுவமடுத் தம்பிக்கு ஒரு பதில்

விசுவமடுவில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கையில் 155 சி.சி. யமஹா ஆர்15 இருக்கிறதாம். கட்டுகுருந்த மாதிரியான ஓட்டப்பாதையில் புதியவராக ஒருக்கா ஓடிப்பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ரேஸ் சைலன்சர் போட்டு, ஈசியூ (என்ஜினுக்குப் பெற்றோலை அளந்து விடும் கம்பியூட்டர்) மாற்றி, போர் (சிலிண்டரின் துளை) கூட்டினால் காணுமா? எதில் முதலில் காசு போட வேண்டும்? வன்னியில் எங்கே பழகுவது? கேள்வி இவ்வளவும்தான்.

வவுனியாவில் கராஜ் வைத்து, ரேஸ் ஓடுகிற பெடியளின் பைக்குகளில் வேலை செய்கிறவன் என்ற முறையில் நேராகவே சொல்கிறேன்: என்ஜினைத் தொடாதீர்கள், தம்பி. இப்போதைக்கு அதுக்குள் ஒரு சதமும் போட வேண்டாம். ஆர்15-இன் என்ஜின் கிட்டத்தட்ட 19 குதிரைவலு தருகிறது, அமுக்க விகிதம் 11.6, கம்பனியே நன்றாக இறுக்கிச் செய்து விட்ட என்ஜின் அது. சைலன்சரைத் திறந்துவிட்டால் சத்தம் கூடும். எரிபொருள் அளவை அதுக்கு ஏற்றபடி திருத்தாவிட்டால் நடு வேகத்தில் இழுவை குறைந்துதான் போகும். போர் கூட்டினால் சூடு கூடும், ஆயுள் குறையும். அதைவிட முக்கியம், நீங்கள் சேரக்கூடிய பிரிவை விட்டே வெளியே போய்விடுவீர்கள். தன் அளவு பைக்குகளோடு ஓட வேண்டியவர் கூடின சி.சி.க்காரரோடு நிற்க வேண்டி வரும்.

வேகம் எங்கே இருக்கிறது என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன். 30 மீற்றர் ஆரை உள்ள ஒரு வளைவு என்று வையுங்கள். நல்ல ரயர், நல்ல தார். அதில் பிடிமானத்தின் எல்லை ஏறத்தாழ மணிக்கு 62 கிலோமீற்றர், அப்போது பைக்கும் ஆளும் சேர்ந்து 45 பாகை அளவில் சாய்ந்திருப்பார்கள். அதே வளைவை வெளி ஓரத்திலிருந்து தொடங்கி, உள் ஓரத்தைத் தொட்டு, திரும்ப வெளி ஓரத்துக்குப் போகும் கோட்டில் எடுத்தால், நீங்கள் ஓடும் வில்லின் ஆரை 40 மீற்றர் ஆகலாம். எல்லை 71-க்குப் போய்விடும். ஒன்பது கிலோமீற்றர் வேகம், ஒரு நட்டுக்கூடத் திருப்பாமல். வளைவை விட்டு வெளியே வரும்போது கையில் இருக்கிற அந்த ஒன்பதும் அடுத்த நேர்ப்பாதை முழுக்க உங்களோடேயே வரும். எந்தச் சைலன்சரும் இதைத் தராது.

பிரேக் கணக்கு இதைவிட முக்கியம். நன்றாகப் பிரேக் பிடிக்கத் தெரிந்த ஒருவர் 60-இல் இருந்து நிற்க ஏறத்தாழ 16 மீற்றர் போதும். 120-இல் இருந்து நிற்க 63 மீற்றர் வேண்டும். வேகம் இரண்டு மடங்கு, தூரம் நாலு மடங்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு பரந்தன் முல்லைத்தீவு றோட்டை நினைத்துப் பாருங்கள். ஏ35 நேராக, அகலமாக, காப்பெற் போட்டுக் கிடக்கிறது. ஆசை வரும், எனக்கு விளங்குகிறது. ஆனால் இருட்டில் லைற் இல்லாமல் வருகிற லான்ட்மாஸ்ரர் உழவு மெசினும், சூடான தாரில் வந்து படுக்கிற மாடும், மாசி பங்குனியில் றோட்டோரம் காயப்போட்ட நெல்லும் 63 மீற்றர் தந்து நிற்கப் போவதில்லை. பிள்ளையை இழக்காத வீடு வன்னியில் எத்தனை இருக்கிறது? மிஞ்சின பிள்ளைகளில் ஒன்றைக்கூட றோட்டுக்குக் கொடுக்க எனக்கு மனம் இல்லை. பழகுகிறதும் வேகம் பார்க்கிறதும் மூடிய பாதையில்தான். இதில் என்னோடு வாதாட வேண்டாம்.

அந்த மூடிய பாதை எங்கே? தார் என்றால் நமக்குக் கட்டுகுருந்ததான் முதலில் வாயில் வரும். களுத்துறைக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த இடம் இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளம். போர் முடிந்து ஓடுபாதை சும்மா கிடந்ததால் ரேஸ்காரருக்குக் கிடைத்தது. சென்னைப் பக்கம் சோழவரத்திலும் இதே கதைதான், போர்க்கால ஓடுபாதையில்தான் பல வருசம் ரேஸ் நடந்தது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பாதை திறந்தபிறகு சென்னை ரேஸ் அங்கே போனது. 3.7 கிலோமீற்றர் நீளம், 12 வளைவு. கோயம்புத்தூரில் கரி ஸ்பீட்வே இருக்கிறது, 2.1 கிலோமீற்றர், சிறிய பைக்குகளுக்கு மிகவும் பொருத்தமான பாதை. பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் ஓடுகிற இந்தக் காலத்தில், வன்னியில் இருந்து ஒருவர் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய் ஒரு பயிற்சி வகுப்பு எடுத்துவிட்டு வருவது நடக்காத காரியம் இல்லை. கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல்கூட அங்கே வந்து வகுப்பு நடத்தியிருக்கிறது. தமிழிலேயே சொல்லித்தரக்கூடிய ஓட்டக்காரர் அந்த ஊரில் நிறைய. ரஜினி கிருஷ்ணன், ஜெகன் குமார் என்று இந்தியத் தேசியச் சம்பியன்கள் வந்த ஊர் அது. உங்கள் பைக்கைக் கொண்டுபோகத் தேவையில்லை. பயிற்சிப் பைக்கும் உடுப்பும் சேர்த்துத் தருகிற வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள்.

பைக்கில் கைவைக்க முதல் ஒரு வேலை இருக்கிறது. ஓடப்போகும் போட்டியின் விதிகளை அமைப்பாளரிடம் வாங்கி, எழுத்தெழுத்தாகப் படியுங்கள். எந்தப் பிரிவு, என்ன மாற்றலாம், என்ன மாற்றக்கூடாது, போட்டியாளர் உரிமம் எங்கே எடுக்கிறது, என்ன ஹெல்மெற் ஏற்றுக்கொள்வார்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோதான் இருக்கும், தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கீழே நான் சொல்வது பொதுவான முறை. விதி வேறாகச் சொன்னால் விதியைக் கேளுங்கள்.

இனி பைக்.

கண்ணாடி, இன்டிகேற்றர், நம்பர் பிளேற், பக்கத் தாங்கி, பின் மட்காட் எல்லாவற்றையும் கழற்றுங்கள். லைற்றைக் கழற்ற முடியாவிட்டால் முழுக்க ரேப் ஒட்டுங்கள், உடைந்தால் துண்டுகள் பாதையில் சிந்தக்கூடாது. பிரேக் லைற்றின் வயரைக் கழற்றி விடுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவர் உங்கள் சிவப்பு லைற்றைப் பார்த்துத் தன் பிரேக்கைத் தீர்மானிக்கத் தொடங்கினால் இரண்டு பேருக்கும் ஆபத்து. பிரேக் லீவரும் கிளச் லீவரும் உருண்டை முனையோடு இருக்க வேண்டும், பொதுவாகக் குறைந்தது 16 மில்லிமீற்றர் விட்டம். விழுந்து முனை உடைந்த லீவரோடு யாரையும் பாதையில் விட மாட்டார்கள். அது கத்தி. கான்டிலின் இரண்டு பக்க ஓட்டையும் மூடியிருக்க வேண்டும். அக்சிலேற்றரை முழுக்கத் திருகி விட்டால் தானே சட்டென்று மூட வேண்டும்; கான்டிலை இடது வலது எல்லைவரை திருப்பி வைத்தும் இதைப் பாருங்கள், கேபிள் இழுபட்டால் அங்கேதான் தெரியும்.

அடுத்தது கம்பி கட்டுவது. எங்கள் பக்கத்து மெக்கானிக்மாரில் பலர் செய்து பார்க்காத வேலை இது, அதனால் விரிவாகச் சொல்கிறேன். ஒயில் வடிக்கும் போல்ற், ஒயில் ஊற்றும் மூடி, ஒயில் பில்டர் மூடியின் போல்ற்றுகள், பிரேக் கலிப்பர் போல்ற்றுகள் ஆகியவை அதிர்வில் கழன்று வராமல் மெல்லிய ஸ்ரெயின்லெஸ் கம்பியால் கட்ட வேண்டும். 0.8 மில்லிமீற்றர் கம்பி. போல்ற்றைக் கழற்றி வைஸில் பிடித்து, தலையின் ஒரு மூலையில் இருந்து அடுத்த பக்கத்துக்கு 1.5 மில்லிமீற்றர் ஓட்டை போடுங்கள். பிற்றுக்கு ஒயில் விட்டு ஆறுதலாகப் போட வேண்டும், அவசரப்பட்டால் பிற் உள்ளே முறிந்து நிற்கும். போல்ற்றைத் திரும்பப் பூட்டிச் சரியான அளவுக்கு இறுக்கிய பிறகு கம்பியை ஓட்டைக்குள்ளால் எடுத்து, இரண்டு நுனியையும் சேர்த்து முறுக்கி, பக்கத்தில் அசையாத ஒரு இடத்தில் கட்டுங்கள். இதில் ஒரே ஒரு விதிதான். போல்ற் கழலப் பார்த்தால் கம்பி அதை இறுக்கும் பக்கமாக இழுக்க வேண்டும். பக்கம் மாறிக் கட்டினால் கட்டாததுக்குச் சமன். கட்டி முடிந்ததும் மெதுவாக விரலால் தட்டிப் பாருங்கள், தொளதொளவென்று இருந்தால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். நுனியை உள்ளே வளைத்து விடுங்கள், ரேஸுக்கு முதல் பைக்கைச் சோதிக்கும் பரிசோதகரின் கையைக் கிழிக்க வேண்டாம்.

இவ்வளவு கவனம் ஏன்? உங்கள் ஒயில் ஒரு கரண்டி பாதையில் சிந்தினால், பின்னால் வருகிறவரின் முன் சில்லு போய்விடும். கம்பி கட்டுவது உங்களைக் காப்பாற்ற மட்டும் இல்லை, மற்றவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் வாக்கு அது.

ரேடியேற்றர் தண்ணியும் இதே காரணத்துக்காகத்தான். கடையில் விற்கும் பச்சை, சிவப்பு கூலன்றில் இருக்கும் கிளைகோல் தாரில் விழுந்தால் வழுக்கும், லேசில் காயாது. பல போட்டிகளில் அது தடை. முழுக்க வடித்து, உள்ளே நன்றாகக் கழுவி, காய்ச்சி வடித்த தண்ணி, அதுதான் பற்றரித் தண்ணி, விடுங்கள். கிணற்றுத் தண்ணி வேண்டாம். வன்னித் தண்ணியில் இருக்கிற சுண்ணாம்பு கேத்தில் அடியில் என்ன செய்கிறது என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள், ரேடியேற்றரின் நுண்குழாயிலும் அதையே செய்யும்.

பிரேக் ஒயிலை ரேஸுக்கு முதல் கட்டாயம் மாற்றுங்கள். டொட் 4 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகைவரை கொதிக்காது. அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஈரம் ஏறின பிறகு எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். றோட்டில் அந்தச் சூடு வராது. பாதையில் ஒவ்வொரு சுற்றிலும் நாலைந்து தரம் பலமாகப் பிடித்தால் வரும். ஒயில் கொதித்து நீராவிக் குமிழ் உண்டானால் லீவர் கான்டிலைத் தொடும், பைக் நிற்காது. பிரேக் ஒயில் டப்பாவில் இருக்கும் சின்னக் கண்ணாடிக்குள்ளால் பாருங்கள், ஒயில் தேயிலைச் சாயம் நிறத்தில் இருந்தால் அது எப்போதோ மாற்றியிருக்க வேண்டியது. புதுப் போத்தலை உடைத்து அன்றைக்கே பாவியுங்கள். போன வருசம் திறந்து வைத்த போத்தல் பழைய ஒயில்தான். ஒருவர் லீவரைப் பிடித்து வைத்திருக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூடிய பிறகுதான் லீவரை விட வேண்டும். குமிழ் வருவது நின்று, தெளிந்த ஒயில் வரும்வரை செய்யுங்கள். பெயின்ற்றில் பட்டால் உடனே தண்ணியால் கழுவுங்கள். பிரேக் பாட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் புதிது போட்டு, மெதுவான வேகத்தில் பலதரம் பிடித்து டிஸ்க்கோடு படிய விடுங்கள்.

ரயருக்கு வருவோம். என்ஜினுக்கு வைத்திருந்த காசில் பெரும்பங்கு இங்கே போகட்டும். பக்கச் சுவரில் டொட் என்ற எழுத்துகளோடு போகிற வரிசையின் கடைசி நாலு இலக்கம் உற்பத்தித் திகதி. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது கிழமை. இறக்குமதி நின்ற காலத்தில் ஸ்ரோரில் கிடந்த ரயர்கள் இன்னும் கடைகளில் வருகின்றன, பூ நன்றாக இருக்கும், றப்பர் கல்லாகியிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், பிறகு இலக்கத்தைப் பாருங்கள், பிறகுதான் விலை கேளுங்கள். பூ இல்லாத ஸ்லிக் ரயர் உங்களுக்குத் தேவையில்லை. 155 சி.சி. பைக் அதைச் சூடாக்கும் அளவுக்கு வேலை வாங்காது, சூடாகாத ஸ்லிக் வழுக்கும். மென்மையான கலவையில் வரும் நல்ல றோட் ரயர் போதும்.

காற்று: கைநூலில் இருப்பது ஆளும் பாரமும் ஏற்றி றோட்டில் போகும் அளவு. பாதையில் ரயர் சூடாகி அமுக்கம் ஏறுவதால் அதைவிட இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. குறைத்துத் தொடங்கலாம். ஆனால் ரயர் கம்பனி ஒரு அளவு சொன்னால் அதைத்தான் கேளுங்கள். விடியக்காலை 26 பாகையில் அளந்த காற்று நடுப்பகல் 36 பாகையில் சும்மா நின்றபடியே கிட்டத்தட்ட ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறியிருக்கும், தார் அதைவிடச் சூடு. சொந்தமாக ஒரு நல்ல கேஜ் வாங்குங்கள். பெற்றோல் செட்டில் இருப்பதை நம்பி ரேஸ் ஓட முடியாது. ஓடி முடித்து உள்ளே வந்த கையோடு, சூடு ஆற முதல் அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள்: நேரம், வெயில், முன், பின், ஓட்டம் எப்படி இருந்தது. அந்தக் கொப்பி பிறகு உங்களுக்குப் பெரிய ஆசிரியர்.

சஸ்பென்சனில் செய்யக்கூடியதை மட்டும் செய்யுங்கள். முன் சில்லைத் தூக்கி, போர்க் (முன் சில்லைப் பிடித்திருக்கும் இரண்டு குழாய்) முழுக்க நீண்டிருக்கும்போது ஒரு அளவு. ரேஸ் உடுப்போடு நீங்கள் ஏறி ஓடும் நிலையில் இருக்க, இன்னொருவர் பைக்கைப் பிடிக்க, மற்றவர் அதே இடத்தில் இன்னொரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அமர்வு அளவு, அது 30 முதல் 35 மில்லிமீற்றருக்குள் இருந்தால் நல்லது. பின்னுக்கும் ஏறத்தாழ அவ்வளவுதான். கூடுதலாக அமர்ந்தால் போர்க்குக்குள் சிறிய ஸ்பேசர் வைக்கலாம், ஒயிலை மாற்றலாம். பழைய போர்க் ஒயில் கறுத்துத் தண்ணியாகியிருக்கும். புதிது ஊற்றிய பிறகு பிரேக்கில் மூக்குக் குத்துவது எவ்வளவு குறைகிறது என்று நீங்களே சொல்வீர்கள். கான்டில் பெயாரிங்கையும் சில்லுப் பெயாரிங்குகளையும் ஆட்டிப் பாருங்கள், கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் மாற்றுங்கள்.

செயினைக் கழுவி, கைநூல் சொல்லும் தொய்வு வைத்து, இரண்டு சில்லும் ஒரே நேரில் நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். முன் ஸ்பிரொக்கெற் 14 பல் என்றால் 13 போட்டால் இழுவை ஏறத்தாழ 8 வீதம் கூடும், உச்ச வேகம் அவ்வளவு குறையும். மிக நீளமான நேர்ப்பாதையின் முடிவில் கடைசிக் கியரில் என்ஜின் தன் எல்லைக்குக் கிட்ட வர வேண்டும். அதுக்கு முதலே எல்லையில் முட்டினால் பல் கூட்டுங்கள், கிட்டவே வராவிட்டால் குறையுங்கள். என்ஜின் ஒயில் ஜாசோ எம்ஏ2 என்று போட்டதாக இருக்கட்டும். கார் ஒயில் விட்டால் கிளச் வழுக்கலாம். எயார் பில்டரைத் திறந்து பாருங்கள், விசுவமடுக் கிறவல் தூள் அதில் என்ன செய்திருக்கிறது என்று தெரியும். புதிது போடுவதுதான் நீங்கள் என்ஜினுக்குச் செய்யக்கூடிய மிக மலிவான நல்ல காரியம். பெற்றோலைப் பற்றிப் பலர் கேட்பார்கள். கம்பனி 92 போதும் என்றால் 95 விட்டு மேலதிக வலு வராது. அமுக்கம் கூடின என்ஜின் சூட்டில் தட்டாமல் இருப்பதுக்குத்தான் 95.

உடுப்பில் சிக்கனம் பிடிக்க வேண்டாம். முழு முக ஹெல்மெற், கழுத்துப் பட்டி இரட்டை வளையத்தால் பூட்டுவது, விழுந்து அடிபடாதது. பழைய ஹெல்மெற்றை யாரிடமும் வாங்காதீர்கள், உள்ளே நசிந்தது வெளியே தெரியாது. ஒற்றைத் துண்டு லெதர் சூட், முதுகுக் காப்பு, மணிக்கட்டை மூடும் கையுறை, கணுக்கால் மூடும் பூட்ஸ். டெனிமும் ஜக்கற்றும் தாரில் சறுக்கினால் கணத்தில் கிழியும். சூட்டை இரவல் வாங்கலாம், வாடகைக்கு எடுக்கலாம், இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். ஆனால் உடம்போடு இறுக்கமாக இருக்க வேண்டும், தொளதொளத்த சூட்டில் முழங்கைக் காப்பு முழங்கையில் நிற்காது. சூட்டுக்குள் வெயிலில் வேர்வை கொட்டும். முதல் நாளில் இருந்தே தண்ணி குடியுங்கள், ஓட்டங்களுக்கு இடையில் ஜீவனியோ இளநீரோ குடியுங்கள். தலையிடி வந்தால் அடுத்த ஓட்டத்துக்குப் போகாதீர்கள்.

பழகுவது எங்கே என்ற கேள்விக்கு எனக்கு மிகவும் பிடித்த பதில் இருக்கிறது. வன்னியில் தார் போட்ட ரேஸ் பாதை இல்லை, மண் இருக்கிறது. உலகத்திலேயே வேகமான ஓட்டக்காரர்கள் மண்ணில்தான் பழகுகிறார்கள். மோட்டோஜிபி உலகச் சம்பியன் வலன்ரினோ ரொசி இத்தாலியில் தவூலியாவில் தன் ஊர்ப் பண்ணையில் மண் பாதை போட்டு இளம் ஓட்டக்காரரைப் பழக்கினார். இன்னொரு மோட்டோஜிபி சம்பியன் மார்க் மார்க்கெஸும் ஸ்பெயினில் மண் வட்டத்தில் சுற்றி வளர்ந்தவர். காரணம் எளிது: மண்ணில் பின் சில்லு 40 கிலோமீற்றர் வேகத்திலேயே வழுக்கத் தொடங்கும். தாரில் 100-இல் ஒரு நொடியில் நடந்து முடிகிறதை மண்ணில் மெதுவாக, திரும்பத் திரும்ப, விழுந்தாலும் தூசி தட்டிக்கொண்டு எழும்பி, உடம்பால் படிக்கலாம். ஆர்15-ஐ மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டாம். பழைய 100 அல்லது 125 சி.சி. பைக் ஒன்றை எடுத்து, முட்கட்டை ரயர் போட்டு, அறுவடை முடிந்து காய்ந்த உங்கள் சொந்த வயலிலோ, சொந்தக்காரர் அனுமதி தந்த காணியிலோ இரண்டு கூடை கவிழ்த்து வைத்து எட்டு வடிவில் சுற்றுங்கள். கண்ணிவெடி அகற்றி விடுவித்த நிலமா என்று நிச்சயமாகத் தெரியாத இடத்தில் கால் வைக்கவே வேண்டாம். பூட்ஸும் ஹெல்மெற்றும் போட்டு, பக்கத்தில் ஒரு ஆளையும் போனையும் வைத்துக்கொண்டு பழகுங்கள். முன் பிரேக்கை ஒரே அடியாகப் பிடிக்காமல் முதலில் தொட்டு, பாரம் முன்னுக்கு வந்த பிறகு இறுக்குகிற பழக்கம் விரலில் ஊறும்வரை செய்யுங்கள்.

மண் ஓட்டத்தைப் பார்க்கவும் வெகுதூரம் போகத் தேவையில்லை. அநுராதபுரத்தில் சாலியபுர, மலைநாட்டில் தியத்தலாவைப் பொக்ஸ் ஹில், இரண்டிலும் கிறவல் பாதையில் சூப்பர்குரொஸ் நடந்து வந்திருக்கிறது. சாலியபுர வவுனியாவில் இருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள். ஓட்டத்தைவிட, ஓட்டக்காரர்கள் பைக் நிறுத்தும் இடத்தில் நின்று பாருங்கள். என்ன சாமான் கொண்டுவருகிறார்கள், இடைவேளையில் எதைத் தொட்டுப் பார்க்கிறார்கள் என்று பாருங்கள், கேளுங்கள். மொழி தெரியாவிட்டாலும் ஸ்பனர் பிடித்தவர்கள் விளங்கப்படுத்துவார்கள்.

ரேஸுக்குப் பைக்கை ஓடிக்கொண்டு போகாதீர்கள். விசுவமடுவில் இருந்து களுத்துறை முந்நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல். ஒரு பட்டா லொறியைப் பிடித்து, இரண்டு மூன்று பெடியள் சேர்ந்து செலவைப் பிரியுங்கள். நாலு பக்கமும் பட்டியால் கட்டி, போர்க்கைப் பாதிக்கு மேல் அமுக்காமல் இழுங்கள். முதல் நாளே போய்ச் சேர்ந்து நித்திரை கொள்ளுங்கள். பரிசோதனைக்குப் போகும்போது பைக் சுத்தமாக இருக்கட்டும். கழுவின பைக்கில் ஒயில் கசிவு உடனே தெரியும், பரிசோதகருக்கும் உங்களில் மதிப்பு வரும்.

கொடிகளைப் பாடமாக்கிக்கொண்டு போங்கள். மஞ்சள் ஆட்டினால் முன்னால் ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நின்றுவிட்டது, வேகம் குறைத்து மெதுவாக உள்ளே வாருங்கள், சடாரென்று பிரேக் பிடித்துப் பின்னால் வருகிறவரை மாட்டிவிடாதீர்கள். நீலம் உங்களை வேகமானவர் முந்தப் போகிறார் என்று சொல்கிறது. உங்கள் கோட்டிலேயே போங்கள், விலகி வழிவிட வெளிக்கிட்டால்தான் இடிபடும். மஞ்சளில் சிவப்புக் கோடு பாதை வழுக்கும் என்பதுக்கு. கறுப்பில் செம்மஞ்சள் வட்டமும் உங்கள் இலக்கமும் காட்டினால் உங்கள் பைக்கில் கோளாறு, ஒயில் ஊத்துகிறதாகவும் இருக்கலாம். உடனே ஓரமாகி வெளியே போய்விடுங்கள்.

முதல் இரண்டு மூன்று சுற்று ரயர் சூடாகத்தான். களுத்துறை வெயிலிலும் இது வேண்டும், தார் சூடு வேறு, ரயரின் உள்சூடு வேறு. ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக் பிடிக்கத் தொடங்கும் இடத்துக்கு அசையாத ஒரு அடையாளம் வையுங்கள்: பலகை, தாரின் ஒட்டு, கொடிக்காரரின் மேடை. பிரேக்கை நேராக இருக்கும்போதே பெரும்பாலும் முடித்துவிட்டு, சாயச் சாய லீவரைத் தளர்த்துங்கள். உள் ஓரத்தைக் கொஞ்சம் தாமதமாகத் தொடுங்கள், வெளியே வரும் இடத்தைக் கண்ணால் பிடித்த பிறகு அக்சிலேற்றரைத் திறவுங்கள். பயந்து நடு வளைவில் சட்டென்று மூடினால் பாரம் முன்னுக்கு ஓடி, பைக் நிலை குலையும். முன்னால் போகிறவருக்குத்தான் கோடு சொந்தம், பத்திரமாக முந்த வேண்டிய பொறுப்பு பின்னால் வருகிறவருடையது. திரும்பிப் பார்க்க வேண்டாம். விழுந்தால் பைக்கை விட்டுவிடுங்கள், சறுக்குவது முழுக்க நின்றதை உறுதிப்படுத்தின பிறகே எழும்புங்கள், உடனே பாதைக்கு வெளியே போங்கள். சறுக்கும்போதே நின்றுவிட்டதாக நினைத்துக் கால் ஊன்றிக் கணுக்கால் முறிகிறவர்கள் அதிகம்.

முதல் ரேஸில் உங்கள் இலக்கு கொடிவரை ஓடி முடிப்பது மட்டுமே. கடைசியாக வந்தாலும் பரவாயில்லை. தொடக்கத்தில் எல்லாரும் ஒன்றாக முதல் வளைவுக்குள் பாய்வார்கள். நீங்கள் ஒரு பைக் நீளம் பின்னுக்கு நின்று நுழையுங்கள். அங்கே விழுகிற இரண்டு பேருக்குப் பக்கத்தால் போனாலே இரண்டு இடம் கிடைத்துவிடும்.

ஊர் திரும்பியதும் ஒயிலை மாற்றி, ரேடியேற்றரில் கூலன்றைத் திரும்ப விட்டு, லைற், கண்ணாடி, இன்டிகேற்றர், காற்று எல்லாவற்றையும் றோட்டு நிலைக்குக் கொண்டுவந்த பிறகே பைக்கை வீதியில் இறக்குங்கள். காப்புறுதி ரேஸில் நடந்த சேதத்துக்குப் பொதுவாக உதவாது, அதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம், தம்பி. உங்கள் இரத்த வகையை ஹெல்மெற்றின் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

விண்ணப்பம் போட முதல் இப்போது போட்டிருக்கும் இரண்டு ரயரின் நாலு இலக்கத்தையும், உங்கள் நிறையையும், முன் பின் அமர்வு அளவையும் எழுதி அனுப்புங்கள். ரயர் ஓட்டத்துக்கு ஆகுமா, ஸ்பேசர் எத்தனை மில்லிமீற்றர் வைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். கம்பி கட்ட ஓட்டை போடும் வேலைக்கு வவுனியாவுக்கு வரலாம், பிற்றும் வைஸும் இங்கே இருக்கிறது.